பதில் பாட்டுக்குப் புது மெட்டு கேட்காதீர்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆரணி வட்டாரத் திருவிழாக் குழுவினருக்கும் மெல்லிசைக் குழு நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். கச்சேரி மேடையில் பதில் பாட்டுப் போட்டி, அதாவது தெரிந்த ஒரு பாட்டுக்கு அதே மெட்டில் வேறு வரிகளால் பதில் சொல்லும் போட்டி, வைப்பதாக இருந்தால், நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். ‘மெட்டு சொந்தமாக இருக்க வேண்டும்’ என்று விதி போட ஆசை வரும். அந்த ஒரு வரி போதும், போட்டி படுத்துவிடும்.

1952-ல் அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பட்டியலில் ஹாங்க் தாம்சனின் ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’ 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. இப்படிப்பட்ட பெண்களையும் கடவுள் படைத்திருக்கிறாரே என்று ஓர் ஆண் புலம்பும் பாட்டு. அதே ஆண்டு, அதே மெட்டில் கிட்டி வெல்ஸ் பழியைத் திருப்பிப் போட்டார்: கடவுள் மேல் ஏன் போடுகிறாய், கல்யாணமானதை மறந்து திரியும் ஆண்கள்தான் காரணம் என்று. அந்தப் பாட்டும் 6 வாரம் முதலிடம் பிடித்தது. தனிப் பாடகி ஒருவர் அந்தப் பட்டியலின் உச்சிக்கு வந்தது அதுவே முதல் முறை. தொடக்க வரியிலேயே, மூலப் பாட்டு ஜூக்பாக்சில் (காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டியில்) ஓடிக்கொண்டிருக்கிறது என்பார். மெட்டும் அந்த வரியும் சேர்ந்து, யாருக்குப் பதில் என்பதை அரை நிமிடத்தில் சொல்லிவிடுகின்றன. 1960-ல் ஜிம் ரீவ்ஸ் தொலைபேசியில் காதலியிடம் உருகிய பாட்டுக்கு, மறுமுனையில் இருக்கும் பெண்ணாக ஜீன் பிளாக் பதில் பாடினார். எல்லா வகைப் பாட்டுக்குமான அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் அதற்கு 4-ஆம் இடம்.

நம் பக்கத்துக்கு இது புதிதா என்ன? கர்ண மோட்சம் தெருக்கூத்தில் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் பாடுவதை விடிய விடியக் கேட்ட ஊர்கள் இவை.

சரி, வேலைக்கு வருவோம். மூலப் பாட்டின் பெயரைப் பத்து நாள் முன்பே கொடுங்கள். மேடையில் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால் சந்தம் உதைக்கும். எழுதுபவர் மெட்டைத் தத்தகாரத்தில் (‘தன்ன தானா’ என்று) எழுதிக்கொண்டு, நீளும் இடத்தில் நெடிலும் ஓடும் இடத்தில் குறிலும் வைக்க வேண்டும். அதிகம் சொதப்புவது குற்றியலுகரத்தில் (சொல் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரத்தில்) தான்: இழுக்கிற இடத்தில் ‘வந்து’ என்று முடித்தால் ‘வந்தூஊ’ என்றுதான் வாயில் வரும். பல்லவியின் முதல் சொல்லையோ கடைசிச் சொல்லையோ மாற்றாமல் விடுங்கள்; கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கேட்கும்.

அடுத்தது சுருதி. ஆண் ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடியதைப் பெண் அதே சுருதியில் பாடினால் பல்லவி அடித்தொண்டையில் அமுங்கிவிடும்; நாலு, ஐந்து கட்டைக்கு ஏற்ற வேண்டியிருக்கும். கீபோர்டுக்கு ஒரு பட்டன் போதும். புல்லாங்குழலுக்கு வேறு குழலே வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மூலப் பாட்டில் பல்லவி ஒரு சுற்று, உடனே பதில். பதிலில் பல்லவியும் ஒரு சரணமும் போதும். நன்கொடையாளர் பெயர்களை இரண்டுக்கும் நடுவில் வாசிக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பதிவு செய்து யூடியூபில் போடுவது தனிக் கதை. 1953-ல் ‘ஹவுண்ட் டாக்’ பாட்டுக்குப் பதிலாக சன் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘பேர் கேட்’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. மெட்டின் உரிமையாளர் வழக்குப் போட்டு ஜெயித்தார். இங்கும் கதை வேறில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு மறுபதிவுக்கு வழி தருகிறது, ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிய வேண்டும், வரிகளை இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது. பதில் பாட்டு என்றாலே வரியை மாற்றுவதுதானே! ஆகவே அந்த வழி உதவாது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். ‘மூலப் பாட்டுக்கு நன்றி’ என்று கீழே போடுவது அனுமதி ஆகாது. அனுமதி கைக்கு வரும்வரை வீடியோவை ஏற்றாதீர்கள்.

மதிப்பெண் நூற்றுக்கு என்றால் சந்தத்துக்கு 40, பதிலின் கூர்மைக்கு 40, குரலுக்கு 20 வையுங்கள். குரலுக்கு இதற்கு மேல் போனால் அது வழக்கமான பாட்டுப் போட்டிதான்.

இப்படிக்கு,
வட ஆர்க்காட்டுப் பாட்டு எழுதுபவர்கள் சிலர்