டேப் ஒட்டிய கூரை ஜன்னலுக்கு என்னிடம் 190 பவுண்டா?

அனுப்புநர்: ஸ்காட்லாந்து மோட்டார்ஹோம் பயணம் சென்ற வாடிக்கையாளர், கோயம்புத்தூர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை

பொருள்: முன்பணத்தில் பிடித்த 350 பவுண்டைத் திருப்பித் தருவது குறித்து

ஐயா,

கடந்த அக்டோபரில் உங்கள் நிறுவனம் மூலம் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள வண்டியை வாடகைக்கு எடுத்து, நார்த் கோஸ்ட் 500 பாதையில் 7 நாள் பயணம் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். இன்வர்னெஸில் கிளம்பி ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை, வடக்குக் கரை என்று 830 கி.மீ. சுற்றி அங்கேயே வந்து சேர்கிற பாதை. அக்டோபரில் அங்கே மழையும் காற்றும் இருக்கும் என்று தெரிந்தேதான் போனோம். அதில் எனக்குப் புகார் இல்லை. ஜன்னலுக்கு 190, ஒரு நாள் தாமதத்துக்கு 160 என்று நீங்கள் பிடித்துக்கொண்ட பணம்தான் என் புகார்.

வண்டியை வாங்கிய அன்றே, ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கையில், கூரை ஜன்னலின் ஒரு மூலையில் டேப் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, பழைய கீறல், ஒன்றும் ஆகாது என்றார் உங்கள் ஆள். படிவத்தில் எழுதச் சொன்னேன். அதெல்லாம் தேவையில்லை என்றார். அங்கே விட்டுக்கொடுத்தது என் தப்பு. ஆனால் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் உங்கள் திட்டப்படி பியலாக் நா பா கணவாய் ஏறி ஆப்பிள்கிராஸ் போக வேண்டும். கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று அர்த்தமாம். கடலை ஒட்டித் தொடங்கி 626 மீட்டர் ஏறுகிற, ஒரு வண்டி மட்டுமே போகிற சாலை. மிகப் பெரிய வண்டிகளும் கேரவன்களும் இதில் போவது நல்லதல்ல என்று அடிவாரத்திலேயே பலகை நிற்கிறது. நீங்கள் தந்ததோ 7 மீட்டர் நீள வண்டி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் காரில் ஏறியவன் என்ற தெம்பில் எனக்கும் ஒரு நிமிடம் சபலம் வந்தது. மனைவி பலகையை இரண்டாவது முறை சத்தமாகப் படித்தார். சரி என்று திருப்பிக்கொண்டு ஷீல்டெய்க் பக்கம் போனோம். ஷீல்டெய்க்கிலிருந்து ஆப்பிள்கிராஸுக்குக் கரையோரமாக வேறு சாலை இருக்கிறது என்பதே ஊர் திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திட்டம் போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஐந்தாம் இரவு வடக்குக் கரையில், டர்னெஸில் ஒரு முகாமில் தங்கினோம். அடுத்த இரண்டு நாளுக்கும் பிரிட்டன் வானிலை அலுவலகம் மஞ்சள் காற்று எச்சரிக்கை விட்டிருந்தது. ஆறாம் நாள் காலையில் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "மஞ்சள்தானே சார், சிவப்பு இல்லையே, பிளான்படி ஜான் ஓ க்ரோட்ஸ் போயிடுங்க" என்று பதில் வந்தது. மஞ்சள்தான் இருப்பதில் கீழ்ப்படி என்று எனக்கும் தெரியும். ஆனால் காருக்கு மஞ்சள் வேறு, 3 மீட்டர் உயரப் பெட்டிக்கு மஞ்சள் வேறு. அதுவும் எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேடுகிற சாலையில், கடல் பக்கமிருந்து காற்று அறையும்போது.

அதனால் கிளம்பவில்லை. முகாம்காரர் சொன்னபடி வண்டியின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்தினோம். அப்படியும் இரவு முழுக்கத் தொட்டில் போல ஆடியது. இரண்டு மணிக்குப் பெரியவன் மேலிருந்து, "அப்பா, தலையில தண்ணி ஊத்துது" என்றான். டேப் பிய்ந்து, அந்த மூலை உடைந்து போயிருந்தது. ரசம் வைத்த பாத்திரத்தைக் கீழே பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். ஏழாம் நாளும் அங்கேயே கழிந்தது. எட்டாம் நாள் காற்று அடங்கியதும், ஜான் ஓ க்ரோட்ஸை விட்டுவிட்டு, லெய்ர்க் வழியாக உள்நாட்டுச் சாலையில் இன்வர்னெஸ் வந்து வண்டியை ஒப்படைத்தேன்.

ஆக, உங்கள் பழைய கீறலுக்கும் புயலில் வண்டி ஓட்டாததற்கும் சேர்த்து நான் அபராதம் கட்டியிருக்கிறேன். வண்டி கவிழ்ந்திருந்தால் எவ்வளவு பிடித்திருப்பீர்கள் என்று என் மனைவி கேட்கிறார்.

350 பவுண்டையும் 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். அந்த நீள வண்டி எடுப்பவர்களின் திட்டத்திலிருந்து கணவாயை நீக்கிவிட்டதாக எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வண்டியை வாங்கிய அன்று எடுத்த ஜன்னல் படம், எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம்.