செல்வத்துக்கு, ஆறு சிலிண்டர் விஷயமாக

கம்மவான்பேட்டை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மீதியை நிதானமாகப் படிக்க முடிந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போக விடாதே.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு இந்த மாதம் முழுக்க சி.எம்.சி.யில் நைட் டியூட்டி. காலையில் வந்து படுக்கிறாள், அதனால் வண்டியில் சுத்தியல் பிடிக்கிற வேலையெல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போகிறது. நாகநதியில் தண்ணீர் வந்ததால் கிணறு ஏறியிருக்கிறது, வேர்க்கடலை போட்டிருக்கிறோம். தம்பி மகன் விடிவதற்கு முன்னாடியே எழுந்து ரோட்டில் ஓடுகிறான், பட்டாள ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறானாம். நம் ஊரில் அந்த ஓட்டம் மட்டும் எந்தத் தலைமுறையிலும் நிற்கிறதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் வீடு மாதிரி கூண்டு கட்டிய உன் டாடா 407 ஃபோர் வீல் டிரைவில் இருக்கும் 497 நாலு சிலிண்டர் இன்ஜினை இறக்கிவிட்டு, பழைய லாரியிலிருந்து வந்த 697 ஆறு சிலிண்டர் இன்ஜினை ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். என் மனசில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம் செல்வம். நான் போட்ட மாதிரி அதே 497இல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரும் உள்ளதைப் போடு. ஏன் என்று நீளமாகவே எழுதுகிறேன். நீ கொட்டப்போவது பென்ஷன் பணம், அதனால் சுருக்கமாகச் சொல்லி முடிக்க மனசு வரவில்லை.

உனக்கு என்ன குறை என்று பார்ப்போம். சூளகிரி ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்குகிறது, லாரிக்காரர்கள்கூட முந்திப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மலைப் பாதையில் ஏற முடியாமல் நின்றது என்று எங்கேயும் எழுதவில்லை. நிற்கவும் நிற்காது. முதல் கியரில் ஆறு மடங்கு, நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சில் இரண்டு மடங்கு, ஆக்ஸிலில் ஐந்து மடங்கு என்று உத்தேசமாக வைத்துக்கொள். மொத்தம் அறுபது மடங்கு. இன்ஜின் 20 கிலோகிராம்-மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, கொடுத்தால் சக்கரத்துக்கு 1,200 வருகிறது. அது இழுப்பு விசையாக மூன்று டன்னுக்கு மேல். ஐந்து டன் வண்டியை மூன்றுக்கு ஒன்று சரிவில் ஏற்ற ஒன்றரை டன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும். டயர் வழுக்குமே தவிர இன்ஜின் திணறாது. லோ ரேஞ்ச் போட்டால் இப்போது இருக்கிற இன்ஜினே எந்த மேட்டிலும் ஏறும்.

ஆக, குறை வேகத்தில்தான். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு அடிக்கு எட்டு அடி ஏறுகிற சாலையில் ஐந்து டன்னை 40 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக, சக்கரத்துக்கே 70 எச்பி வந்து சேர வேண்டும். கியர், ஷாஃப்ட், ஆக்ஸில் என்று வழியில் போவது போக, 75 எச்பி இன்ஜினால் 35ஐத் தாண்ட முடியாது. நூறு எச்பி இருந்தால் 45, 50 வரை போகலாம். சமதள ஹைவேயில் கதை வேறு. உன் கூண்டு மாதிரி ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கிற பெட்டிக்குக் காற்றுதான் எதிரி. 80இல் போக 60 எச்பி அளவு பிடிக்கும், அதையே 100 ஆக்கினால் நூறு எச்பிக்கு வந்து நிற்கும். வேகம் கால் பங்கு கூடினால் இன்ஜின் வேலை மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. அந்த இருபது கிலோமீட்டர் வேகத்துக்காக ஆறு சிலிண்டரைச் சுமக்க வேண்டுமா என்று யோசி.

அப்புறம் லடாக். ரிட்டயர் ஆன பிறகு ஒரு தடவையாவது நம் சொந்த வண்டியில் கர்துங்லா ஏற வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. உனக்குப் பெரிய இன்ஜின் ஆசை வந்ததே அதற்காகத்தான் என்றும் எனக்குத் தெரியும். அங்கேதான் 697 உன்னை ஏமாற்றும். கணவாயில் இருந்த பழைய பலகை 18,380 அடி என்று சொன்னது, அளந்தவர்கள் சொல்வது 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர். எதை வைத்தாலும் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான். டர்போ இல்லாத 697 மொத்தம் 5,675 சிசி, ஆனால் அந்த உயரத்தில் அது இழுக்கிற காற்று, இங்கே வேலூரில் 3,300 சிசி இன்ஜின் இழுக்கிற அளவுதான். கீழே இருந்த அதே டீசலைப் பம்ப் ஊற்றிக்கொண்டே இருக்கும், எரிக்கக் காற்று இருக்காது. பட்டாளத்தில் நம் கான்வாய் வண்டிகள் மேலே போகப் போகக் கறுப்புப் புகை கக்கியதை நீயும் நானும் எத்தனை தடவை பார்த்திருப்போம். டர்போ அந்த மெல்லிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. மேலே அதுவும் கொஞ்சம் சோரும் என்றாலும், கீழே இருந்த பலத்தில் பெரும்பங்கு கையில் நிற்கும். 2,956 சிசி டர்போ அங்கே 697க்குச் சளைக்காது, எடையோ எவ்வளவோ குறைவு.

இனி பொருத்துகிற வேலை. இரண்டு இன்ஜினுக்கும் போர், அதாவது சிலிண்டர் விட்டம், 97 மில்லிதான். ஆனால் பிஸ்டன் ஓடுகிற நீளமான ஸ்ட்ரோக் 497க்கு 100, 697க்கு 128. கூடவே இரண்டு சிலிண்டர் அதிகம். அதனால் உயரமும் கூடுகிறது, நீளமும் கால் மீட்டர் அளவுக்குக் கூடுகிறது. 407இல் இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் தள்ள இடமே இல்லை. பின்னால் தள்ளினால் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபரும் சேர்ந்து பின்னால் போகும். பின் ஷாஃப்ட் குட்டையாகிக் கோணம் செங்குத்தாகும், ஷாஃப்ட் மடங்குகிற மூட்டான யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் தேயும். முன் ஷாஃப்ட் நீண்டு வேகத்தில் அதிரும். உன் கூண்டின் தரையை வேறு வெட்ட வேண்டிவரும், தங்கச்சி ஆசைப்பட்டு வைத்த அடுப்பு மேடை அங்கேதானே இருக்கிறது?

இதைவிட முக்கியமானது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தொட்டி, ஆயில் சம்ப். சாதா லாரியில் இன்ஜினுக்கு அடியில் டிஃபரன்ஷியல் கிடையாது. நம் வண்டியில் முன் ஆக்ஸிலும் அதன் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கிற, பூசணிக்காய் மாதிரி உருண்ட டிஃபரன்ஷியல் மூடியும் பள்ளத்தில் விழும்போது மேலே எழும்பி சம்புக்குக் கிட்ட வரும். நான் டர்போ இன்ஜினைப் பொருத்துவதற்கு முன், பட்டறை பாய் ஒரு காரியம் செய்தார். ஈரக் களிமண்ணை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, டிஃபரன்ஷியல் மேல் வரிசையாக ஒட்ட வைத்தார். இன்ஜினைச் சங்கிலியில் இறக்கி மவுண்டிங்கில் உட்கார வைத்தோம். கமான் பட்டையின் மேல் கட்டைகளைக் கழற்றி, ஜாக்கியால் ஆக்ஸிலை அதன் ரப்பர் ஸ்டாப்பர் முட்டும் வரைக்கும் ஏற்றினார். திரும்ப இறக்கி, நசுங்கிய உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து காலிபரில் வைத்தார். நடு உருண்டை பத்து மில்லிக்குத் தட்டையாகியிருந்தது. பாய் தலையை ஆட்டினார், "இருபது இல்லாம நான் போல்ட் முறுக்க மாட்டேன்" என்றார். மவுண்டிங் பிராக்கெட்டை லேத்தில் கொடுத்து உயர்த்திய பிறகுதான் வேலை நகர்ந்தது. ரோட்டில் ஒரு குழியில் அந்த இடைவெளி இல்லாமல் போயிருந்தால் சம்ப் கிழிந்து ஆயில் முழுக்கத் தரையில். 697இன் சம்ப் அதைவிட நீளம், ஆயில் உறிஞ்சும் குழாய் இருக்கும் இடமும் வேறு. செங்குத்தாக ஏறும்போது ஆயில் பின்னால் சரிந்து குழாய் வாய் காற்றை உறிஞ்சினால், பேரிங் போக நிமிஷம் பிடிக்காது.

பட்டாளத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஃப்ளைவீலுக்குப் பின்னால் எது பலவீனமோ, அதுதான் வண்டியின் பலம். அறுபது மடங்குக் கணக்கை மறுபடியும் எடு. இன்ஜின் டார்க்கை இரட்டிப்பாக்கி லோவில் போட்டால், ஆக்ஸிலுக்குப் போவது 2,400. டயர் கற்பாறையில் பிடித்துக்கொண்ட நேரத்தில் வழுக்குவதற்குப் பதிலாக டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல் தெறிக்கும், இல்லாவிட்டால் ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். அதை மாற்ற வேறு ஆக்ஸில், அந்த ஆக்ஸிலுக்கு வேறு பிரேக், வேறு கமான். எங்கே போய் முடியும்? நான் என் வண்டியில் டர்போ போட்டபோது மாற்றியது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், யூ.ஜே. கிராஸ், அவ்வளவுதான். இந்த இடத்தில் கஞ்சம் பிடிக்காதே. புதுப்பேட்டையில் பழசு எவ்வளவு நயமாகக் கிடைத்தாலும் கிளட்ச்சும் ஓவரால் கிட்டும் புதுசாகவே வாங்கு.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். கூடுதல் எச்பி என்றால் கூடுதல் டீசல், கூடுதல் டீசல் என்றால் ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய சூடும் கூடுதல். லோ ரேஞ்சில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் கிடைக்காது, ஃபேன் இழுக்கிற காற்றுதான் எல்லாம். நான் ரேடியேட்டரில் குழாய் வரிசை ஒன்று கூட்டினேன், ஃபேனைச் சுற்றி தகட்டு வளையம் இல்லாமல் இருந்ததைப் புதுசாகச் செய்து போட்டேன். அந்தத் தகடுதான் பெரிய வித்தியாசம் காட்டியது. இதற்கு முன்னால் ஃபேன் சுற்றிய காற்றையே சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று, ஏற்றம் ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பி அணைத்துவிடாதே. ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விடு. டர்போ பேரிங்கில் நிற்கிற ஆயில் கருகாமல் இருக்கும்.

சட்டத்தையும் பார்த்துவிடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. நான் அதே கம்பெனி, அதே குடும்பத்து இன்ஜினுக்கே முன்கூட்டி மனு எழுதிக் கொடுத்து, வாங்கிய பில்லோடு போய், அனுமதி கையில் வந்த பிறகுதான் பாயிடம் வண்டியை விட்டேன். சிலிண்டர் எண்ணிக்கையே மாறுகிற மாற்றத்துக்கு அந்த அனுமதி கிடைக்கும் என்று நம்பி இன்ஜினை வாங்கி வைத்துவிடாதே. எங்கேயாவது ஒரு விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான். எதிராளி குடும்பத்துக்கு நீ கையிலிருந்து கொடுக்க வேண்டிய நிலை வரலாம்.

இப்போது என் வண்டி எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், படித்தால் உனக்கே ஆசை வரும். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரைக்கும் போய் வந்தோம். ஏற்றத்தில் மூன்றாவது கியரைவிட்டு இறங்கவே இல்லை, ஊசி வளைவுகளில் மட்டும் இரண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தாமதித்து, அப்புறம் அந்த விசில் சத்தத்தோடு தோளைப் பின்னால் அமுக்குகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னொரு மலைக்குப் போகலாம் போலிருந்தது. காவலூரில் தொலைநோக்கி இருக்கிற வானத்தைக் கேட்கவா வேண்டும். வீட்டுக்காரி பாயை விரித்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே படுத்திருந்தாள். சாமையும் தேனும் வாங்கி வந்தாள், உனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கினேன். பிரேக்கைத் தொட்டது வளைவுகளில் மட்டும்தான்.

நீ ஒரே ஒரு வேலை செய். கூண்டில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, டீசல் டேங்கை நிரப்பி, கேஸ் சிலிண்டரும் பாத்திரமும் துணியும் பயணத்துக்குப் போகிற மாதிரியே ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போ. முதலில் முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, அப்புறம் பின் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, கடைசியில் முழு வண்டியும். உன் முன் ஆக்ஸில் இப்போதே எவ்வளவு சுமக்கிறது என்று பார்க்காமல், எந்த இன்ஜினைப் பற்றியும் பாயிடம் பேச முடியாது. நான் மேலே ஐந்து டன் என்று போட்டது என் வண்டியை வைத்துத்தான், உன் கூண்டு என்னுடையதைவிடக் கனம் என்று தோன்றுகிறது. மூன்று சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. அது வந்ததும் பாயோடு உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதி அனுப்புகிறேன். பொங்கல் கழிந்து பட்டறையில் இடம் கிடைக்கும், உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
முருகேசன்