வகைக்கெழு விளையாட்டு: பதினோராம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பதினோராம் வகுப்புக் கணிதப் பிரிவிலிருந்து எழும் ஆரவாரம் பற்றிச் சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். "தேர்வு நேரத்தில் சீட்டு விளையாட்டா?" என்று ஒரு தந்தை வருத்தப்பட்டார். அவருக்கு இருக்கும் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

பிள்ளைகள் கையில் இருப்பவை வகைக்கெழு அட்டைகள். ஓர் அளவு மாறும்போது அதைச் சார்ந்த மற்றோர் அளவு எந்த வீதத்தில் மாறுகிறது என்பதைச் சொல்வதே வகைக்கெழு. கணிதப் புத்தகத்தில் இது இரண்டாம் தொகுதியில், பத்தாம் பாடத்தில்தான் முறைப்படி வருகிறது. இயற்பியலிலோ இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே தேவைப்பட்டுவிடுகிறது. இடப்பெயர்ச்சியை வகையிட்டால், அதாவது அதன் வகைக்கெழுவைக் கண்டால், திசைவேகம்; திசைவேகத்தை வகையிட்டால் முடுக்கம். பன்னிரண்டாம் வகுப்பிலும் இது பிள்ளைகளை விடாது. இங்கே கை பழகவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு பாடங்களும் பாரம்தான்.

மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகள் அதிகமில்லை. எந்த இடத்தில் எந்த விதி என்று கண்டுகொள்வதுதான் கடினம். வீட்டில் தனியாக உட்கார்ந்து கைடைப் பார்த்து எழுதும் பிள்ளை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. விடை சரியாகவே இருக்கும், ஆனால் அது கைடு கண்டுபிடித்த விடை. நால்வர் சுற்றி உட்கார்ந்து, "இதற்குச் சங்கிலி விதி" (ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியவற்றை வகையிடும் விதி) என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே எழுத வேண்டும் என்றால் அப்படித் தப்பிக்க முடியாது.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவர் முன்னாலும் சில சார்புகள், அதாவது எக்ஸைக் கொடுத்தால் ஒரு மதிப்பைத் தரும் கோவைகள், அட்டையில் இருக்கும். எதிரணி "வகையிடு" அட்டையைப் போட்டால், தாக்கப்பட்ட சார்பின் வகைக்கெழுவை எழுதி அதே இடத்தில் வைக்க வேண்டும். பூச்சியமானால் அட்டை வெளியேறும். ஐந்து என்ற மாறிலி ஒரே அடியில் போய்விடும். எக்ஸின் கனம் நான்காவது அடியில் போகும். சைன் எக்ஸ் போகவே போகாது. கொசைன், கழித்தல் சைன், கழித்தல் கொசைன் என்று சுற்றி நான்காவது அடியில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பிள்ளைகள் 'இ பவர் எக்ஸ்' என்று சொல்லும் சார்போ எத்தனை முறை அடித்தாலும் அப்படியே இருக்கும். அந்த அட்டைக்குத்தான் போட்டி. அதனால் அதோடு ஓர் எக்ஸைப் பெருக்கிவிடும் உரிமையை எதிரணிக்குக் கொடுத்திருக்கிறார் கணித ஆசிரியை. உடனே இரு சார்புகளின் பெருக்கலை வகையிடும் பெருக்கல் விதி வேண்டியதாகிவிடுகிறது.

சென்ற வாரம் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கொசைனை வகையிட்டு வெறும் சைன் என்று எழுதினாள் ஒரு மாணவி. பக்கத்துக் குழுவிலிருந்து "குறி எங்கே?" என்று ஒரு குரல். அவள் முகம் சுருங்கவில்லை. கழித்தல் குறியைப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். பிழையைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு புள்ளி உண்டு, செய்தவருக்குப் புள்ளி குறையாது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கணக்கில் பயந்து வாயே திறக்காமல் இருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கியிருப்பது இதனால்தான்.

சங்கிலி விதிக்குத் தொடர் ஓட்டம் இருக்கிறது. எக்ஸ் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதற்குச் சைன் எடுத்து, அந்த மொத்தத்தையும் கனப்படுத்திய சார்பு கரும்பலகையில் இருக்கும். முதல் ஆள் கனத்தை மட்டும் வகையிடுவார், இரண்டாம் ஆள் சைனை, மூன்றாம் ஆள் உள்ளே இருப்பதை. மூன்றையும் பெருக்கினால் விடை. தேர்வில் பிள்ளைகள் வழக்கமாக மறப்பது அந்த மூன்றாம் ஆளின் 'இரண்டு எக்ஸை'. இங்கே அவரே சாக்பீஸுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கும்போது எப்படி மறப்பது?

இரு சார்புகளின் பெருக்கலை வகையிட, தனித்தனியே வகையிட்டுப் பெருக்கினால் போதும் என்று நினைக்காத பிள்ளை இல்லை. வகைக்கெழு அடங்கிய நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 1675 நவம்பரில் எழுதிய குறிப்புகளில் அப்படி இருக்குமோ என்று யோசித்து, பிறகு இல்லை என்று கண்டார். சரியான விதி 1684இல் அவருடைய கட்டுரையில் அச்சேறியது. பிள்ளைகள் எக்ஸ் வர்க்கத்தையும் எக்ஸின் கனத்தையும் வைத்துச் சோதித்தார்கள். ஐந்து எக்ஸ் அடுக்கு நான்கு வர வேண்டிய இடத்தில் ஆறு எக்ஸின் கனம் வந்தது. அதன் பிறகு அந்தப் பிழை வகுப்பில் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

வீட்டுப்பாடமும் வாராந்தரச் சிறுதேர்வும் வழக்கம்போல நடக்கின்றன, எதையும் குறைக்கவில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை இந்தப் பயிற்சி நடக்கும். கட்டாயமில்லை, ஆனால் அனுப்பிவையுங்கள். அட்டைகளை இரவல் வாங்கி வீட்டுக்கும் கொண்டுவருவார்கள். உங்களுக்கு நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முன்பக்கத்தைப் பிள்ளையிடம் காட்டுங்கள். எழுதி முடித்ததும் பின்பக்கத்தில் இருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் "எந்த விதி போட்டாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

அட்டை செய்யப் பழைய திருமண அழைப்பிதழ்கள் தேவைப்படுகின்றன. ஒரு பக்கம் வெறுமையாக உள்ள கெட்டியான தாளாக இருந்தால் நல்லது. வீட்டில் இருப்பதைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்