ஐயனார் கோயில் ஊருணித் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊருணியில் தண்ணீர் நிற்கிறது. ஐப்பசிக்கு முன்பே வேலையை முடித்துவிட்டதால், முதல் இரண்டு மழையிலேயே தெற்குப் படித்துறையில் நான்கு படி முழுகிவிட்டது. இன்னும் பார்க்காதவர்கள் சாயங்காலம் ஒரு நடை வந்து பாருங்கள்.

இது முதல் முயற்சி இல்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்னும் ஜேசிபி வைத்துத் தூர்வாரினோம், கரையை உயர்த்தினோம், கம்பி வேலியும் போட்டோம். தண்ணீர் மட்டும் வரவில்லை. ஊருணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்ததுதான் காரணம். 2011-ல் ஆனையூர், அவனியாபுரம் போல நம் ஊரும் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதன் பிறகு வீடுகள் பெருகின. வாய்க்கால் முதலில் சாக்கடை ஆனது, அப்புறம் குப்பைமேடு ஆனது, கடைசியில் வாசற்படிகளுக்கு அடியில் போய்விட்டது. வரத்து இல்லாத ஊருணியை எத்தனை அடி தோண்டினாலும் அது வெறும் பள்ளம்தான். அதனால் இந்தத் தடவை ஊருணியைத் தொடுவதற்கு முன்னால் வாய்க்காலைத் தேடினோம்.

2024 அக்டோபர் 25-ஆம் தேதி மழைதான் நம்மை ஒன்று சேர்த்தது. அன்று மதுரையில் சில மணி நேரத்தில் 10 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. செல்லூரில் பந்தல்குடி கால்வாய் பொங்கி வீடுகளுக்குள் தண்ணீர் போனதை எல்லோரும் பார்த்தோம். நம் மேலத் தெருவிலும் முழங்கால் தண்ணீர். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர். 10 செ.மீ. என்றால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். அவ்வளவு தண்ணீரும் நம் அடுப்படிக்குள் புகுந்துகொண்டிருந்தபோது, நூறடி தள்ளி ஊருணி காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு யாரையும் கூட்டத்துக்குத் தனியாகக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

புலப்பட (நில அளவை வரைபட) நகல் எடுத்ததில் வாய்க்கால் புறம்போக்கு தெளிவாகவே இருந்தது. ஆனால் தரையில் இடத்தைக் காட்டியவர் கிழக்குத் தெரு அப்பத்தா. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊருணியில்தான் குடிதண்ணீர் எடுத்தார்களாம். கம்பை ஊன்றிக்கொண்டே நடந்து வந்து, டீக்கடைக்குப் பின்னால் நின்று, “இங்கன தோண்டுங்கய்யா, கல்லு மடை இருக்கும்” என்றார். பழைய மெத்தை, பாட்டில், கட்டட இடிபாடு எல்லாம் அள்ளிய பிறகு மூன்றடி ஆழத்தில் கருங்கல் மடை உடையாமல் இருந்தது. பலகை இறங்கும் காடிப் பள்ளம் கூட அப்படியே இருந்தது. அதைக் கழுவி அதே இடத்தில் வைத்திருக்கிறோம்.

வாய்க்கால் மேல் படிக்கட்டு நீண்டிருந்த வீடுகள் ஏழு. யார் மேலும் புகார் கொடுக்க வேண்டாம், முதலில் போய்ப் பேசுவோம் என்று முடிவு செய்தோம். முதல் வீட்டுக்காரர் மறுநாளே கொத்தனாரை வைத்துத் தன் படியைத் தானே இடித்தார். மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்துத்தான் இடித்தார்கள். ஏழு வீட்டுக்கும் இரும்புப் படி செய்து கொடுத்த செலவைக் குழு ஏற்றது. அந்த ஏழு குடும்பங்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வேலையில் நாம் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். பாதி தூரத்துக்குப் பக்கச்சுவர் எழுப்பிய பிறகுதான் தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் (சரிவு) பார்த்தோம். மூத்த கொத்தனார் மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை மடையில் பிடித்துக்கொண்டார். மறுமுனையைப் பிடித்தபடி ஒரு பையன் பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று போனான். கோயில் திருப்பத்தில் தரை அரை அடி ஏறி நின்றது. அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் திரும்பவும் மேலத் தெருவுக்கே வந்திருக்கும். இருபதடிச் சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். அந்தச் செலவு கணக்கில் தனி வரியாகவே இருக்கிறது. வாய்க்காலின் அடியில் சிமெண்டு போட வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். மண் தரையாக இருந்தால்தான் போகிற வழியிலும் தண்ணீர் இறங்கும், கிணறும் போரும் ஊறும் என்று கொத்தனார் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்றே குழு நினைக்கிறது.

வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்த கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்பட்டுவிட்டன. மடைக்கு முன்னால் வண்டல் தொட்டியும் கம்பி வலையும் உண்டு. தூர்வாரியது, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தது, படிக்கட்டு செப்பனிட்டது எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தன. கரையில் புங்கனும் நாவலும் வைத்திருக்கிறோம்.

மொத்தச் செலவு ரூ. 4,86,300. வரவு ரூ. 5,02,750. மீதி ரூ. 16,450 வங்கியில் இருக்கிறது. ரசீது வாரியான கணக்கு கோயில் மண்டபத்தில் ஒட்டப்பட்டுள்ளது. பணம் கொடுக்க முடியாமல் சட்டி சுமந்தவர்களின் பெயர்களும் நன்கொடையாளர் பட்டியலிலேயே, அகர வரிசையில், அதே எழுத்தளவில் இருக்கின்றன.

பாக்கி வேலை இரண்டு. மிகுதித் தண்ணீர் வெளியேறும் வடக்குக் கலுங்குக்குப் பக்கத்தில் கரை இன்னும் கொஞ்சம் இளகலாக இருக்கிறது. தை மாதம் மண் காய்ந்ததும் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். வண்டல் தொட்டியை ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் அள்ள வேண்டும். தெரு வாரியாக முறை வைத்திருக்கிறோம், முதல் முறை மேலத் தெரு. மடைப் பலகை பூசாரி வீட்டில் இருக்கிறது. ராத்திரி மழை வலுத்தால் கதவைத் தட்டத் தயங்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்