அடாப்டரின் அடியில் எழுதியிருப்பது

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறேன். உன் லேப்டாப் பழுதாகிவிட்டது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நீ அப்படிச் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. ஆனால் 2019இல் வாங்கிய பொருள் இத்தனை நாள் உழைத்ததே பெரிது என்பதால், புதிதாக ஒன்று வாங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வாரமாகப் படித்து, பட்டறைக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் குறித்துவைத்து, இப்போது உனக்கு எழுதுகிறேன். விளையாட்டே வேண்டாம் என்று நின்ற மனிதர் விளையாட்டு லேப்டாப்புக்கு யோசனை சொல்கிறாரே என்று நீ சிரித்தால், அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதுதான்.

முதலில் கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்கான படத்தை வரையும் பாகம். பட்டறையில் வந்து இறங்கும் மோட்டாரின் நேம் பிளேட்டை மட்டும் நம்பி நான் எப்போதாவது காயில் கட்டியிருக்கிறேனா? 3 எச்பி என்று எழுதியிருக்கும். ஸ்டேட்டரைத் திறந்து, கம்பியின் கேஜைப் பார்த்து, சுற்றுகளை எண்ணிய பிறகுதான் அது உண்மையில் எவ்வளவு இழுக்கும் என்று தெரியும். ஒன்பது வயதில் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிக் கொடுத்தவள் நீ. உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லேப்டாப்பிலும் அதே கதைதான் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் வரும் லேப்டாப் கார்டுக்கு, அதை வடிவமைத்த என்விடியா நிறுவனம் வைத்திருக்கும் மின்வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. 5060க்கு 45 முதல் 100 வரை. இந்த வரம்புக்குள் எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப்பைத் தயாரிக்கும் நிறுவனம் தீர்மானிக்கிறது. உடல் மெலிந்த மாடலில் வெப்பத்தை வெளியேற்ற இடமில்லாததால் வாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் மாறுவதில்லை. இதனால் முழு வாட் பெறும் சிறிய கார்டு, பட்டினி போடப்பட்ட பெரிய கார்டை முந்திவிடுவதும் நடக்கிறது. விவரப் பட்டியலில் டிஜிபி என்றோ, அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் என்றோ சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் போடாத மாடலை வாங்காதே. கடைக்காரரிடம் கேட்டால் "கார்டு நல்ல கார்டு" என்பார்; அந்தப் பதிலில் வாட் இல்லை.

டெஸ்க்டாப் கார்டின் பெயரையும் லேப்டாப் கார்டின் பெயரையும் ஒன்றென்று நினைத்துவிடாதே. டெஸ்க்டாப் 4070இல் 5,888 கூடா கோர்களும் (கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்) 12 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. அதே 4070 என்ற பெயரில் லேப்டாப்புக்கு வந்ததில் 4,608 கோர்கள், 8 ஜிபி. பெயர் ஒன்று, ஆள் வேறு. 5060, 5070 இரண்டுமே லேப்டாப்புக்கு 8 ஜிபியோடு வெளியானவை. அந்த வரிசை வெளியானபோது 12 ஜிபி 5070 டிஐயில்தான் தொடங்கியது. உன் பழைய லேப்டாப்பின் 1660 டிஐ கார்டில் 6 ஜிபிதான் இருந்தது, ஒளி விழும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் கோர்களும் கிடையாது. அந்த கோர்கள் இல்லாத கார்டில் சில புதிய விளையாட்டுகள் தொடங்கவே மறுக்கின்றன என்று படித்தேன். அதனால்தான் நீ விளையாடுவதில்லையோ என்று நினைத்தேன். ஆனால் நீ விளையாடியது பழைய விளையாட்டு அல்லவா?

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இது என் தொழில். காயிலின் வெப்பம் 10 டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் கணக்கு. மோட்டார் சூடேறினால் முதலில் வார்னிஷ் நாற்றம் வரும், பிறகு புகை வரும், பக்கத்து வீட்டுக்காரர்கூட ஓடிவந்து ஸ்விட்சை அணைப்பார். லேப்டாப் சிப் அப்படிச் செய்வதில்லை. உன் பழைய லேப்டாப்பில் இருக்கும் இன்டெல் சிப்புக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் அது எரியாது, நாற்றம் காட்டாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு வேலையை மட்டும் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். இதைப் படித்த அன்று மாலை எனக்குப் பட்டறையில் வேலை ஓடவில்லை.

ஆகவே புதியதை வாங்கும்போது திருப்பிப் பார். அடிப்பக்கத்தில் காற்றை இழுக்கும் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெளியேறும் வழி இருக்க வேண்டும். மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தாதே; நீ அதைத்தான் செய்வாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அரை மணி நேரம் ஓடிய பிறகு எவ்வளவு வேகத்தில் நிற்கிறது என்று காட்டும் பரிசோதனைகளைப் பார். முதல் ஐந்து நிமிடம் எல்லா லேப்டாப்பும் நல்ல பிள்ளைதான். மறுபடியும் சொல்கிறேன், வாட் எவ்வளவு என்று பார்.

இப்போது எழுத வேண்டாம் என்று நினைத்திருந்ததை எழுதிவிடுகிறேன். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு நீ பேசுவதைக் குறைத்துக்கொண்டபோது, தம்பியிடம் சொல்லி, நீ விளையாட்டுகளை வாங்கி விளையாடும் ஸ்டீம் தளத்தில் எனக்கும் ஒரு கணக்கு தொடங்கச் சொன்னேன். உனக்கு நட்பு அழைப்பு அனுப்பியதும் நீ ஏற்றுக்கொண்டாய். யாரென்று தெரிந்துதான் ஏற்றாய் என்று நம்புகிறேன். நான் அங்கே எதுவும் விளையாடவில்லை. இரவு படுக்கப் போகும்முன் உன் பெயர் நீலத்திலோ பச்சையிலோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பேன், அவ்வளவுதான். பச்சையாக இருந்தால் நீ விளையாடிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தமாம். அப்போதெல்லாம் "மணி ஒன்றாகிறது, இன்னும் தூங்கவில்லை" என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டுதான் படுத்தேன். இப்போது உன் பெயருக்குக் கீழே, கடைசியாக வந்தது 71 நாட்களுக்கு முன் என்று காட்டுகிறது. மறைந்திருந்து விளையாடும் வசதியும் உண்டு என்று தம்பி சொன்னான். நீ என்னிடமிருந்து மறைந்துகொண்டு விளையாடுகிறாய் என்றால் எனக்கு அதில் வருத்தமே இல்லை, அதையாவது தெரிவித்துவிடு. தம்பி அனுப்பும் செய்திக்கு இரண்டு வரி எழுதுகிறாய். எனக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிராசஸரில் ஐ7 என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதே; அன்று நான்தான் அதைப் பார்த்து மயங்கினேன். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் முக்கியம்: யு என்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ரகம், எச், எச்எக்ஸ் என்றால் உழைக்கும் ரகம். விளையாட்டுக்கு நடுத்தர எச் ரகமே போதும். அங்கே மிச்சப்படுவதைக் கார்டில் போடு. ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது, அதுவும் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக இருக்க வேண்டும். ஒரே ஸ்டிக் போட்டால் இரண்டு வாய்க்காலில் ஓட வேண்டிய தண்ணீர் ஒன்றில் நெருக்கியடித்து ஓடும். உன் பழைய லேப்டாப்பில் 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்தான் இருந்தது என்பதும், இன்னொரு ஸ்டிக் போட இடம் காலியாகவே இருந்தது என்பதும், இத்தனை ஆண்டுக்குப் பிறகு இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர்டிலேயே பற்றவைத்த ரேம் என்றால் பின்னால் கூட்ட முடியாது, அதையும் விசாரி. சேமிப்புக்கு எஸ்எஸ்டி 1 டிபி, கூடவே பின்னால் இன்னொன்று செருக இரண்டாவது எம்.2 ஸ்லாட்; ஒரு விளையாட்டே 100 ஜிபியைத் தாண்டுகிற காலம் இது.

திரையில் பலரும் கார்டை மறந்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். 1920க்கு 1080 என்ற திரையில் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 2560க்கு 1600 என்றால் 40 லட்சத்து 96 ஆயிரம். ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். சிறிய கார்டை வாங்கிப் பெரிய திரையைத் தலையில் ஏற்றாதே. 144 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை, போதுமானது. நிற அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளுத்திருக்கும், விட்டுவிடு. மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பார். அது நம் பட்டறை சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மாதிரி: கார்டு வரைந்த படத்தைப் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிவிடாமல் நேராகத் திரைக்கு அனுப்பும்.

கடைசியாகப் பேட்டரியும் அடாப்டரும். இதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 60 வாட்‑அவர் பேட்டரியிலிருந்து 150 வாட் இழுத்தால் 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் அடாப்டரைப் பிடுங்கிய உடனே லேப்டாப் கார்டுக்குப் போகும் மின்சாரத்தைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. பல லேப்டாப்புகளில் வினாடிக்கு 30 பிரேம் என்று கட்டுப்போட்டும் விடுகிறார்கள். விளையாட்டு லேப்டாப் என்பது அடாப்டரோடு சேர்த்துத்தான் ஒரு முழு இயந்திரம். இதைப் படித்தபோதுதான் உன் கடைசித் தேர்வு மாதத்தில் மாடி அறையில் நான் பார்த்தது என்ன என்று புரிந்தது. போர்வைக்குள் வெளிச்சம் மங்கலாக இருந்தது; விசிறிச் சத்தம் இல்லை. "இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறாள்" என்று மட்டும் நினைத்தேன். பேட்டரியில் மிச்சம் இருந்த கொஞ்ச நேரத்தில், விட்டுவிட்டு நகரும் படத்தோடு, உன் தோழிகளின் குரலைக் கேட்பதற்காக நீ உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடாப்டரை ஒளித்தது நான்தான் அம்மா. பட்டறையில் காலியாகக் கிடந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், பழைய செம்புக் கம்பிக்கு அடியில் வைத்தேன். நீ இரண்டு நாள் தேடினாய். நானும் உன்னோடு சேர்ந்து தேடினேன். கட்டிலை நகர்த்தி, டார்ச் அடித்து, "எங்கே போட்டாய், பொறுப்பே கிடையாதா" என்று உன்னையே திட்டினேன். ஒளித்ததைக்கூட அப்பன் என்ற உரிமையில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கூடவே தேடியதற்கு என்ன சொல்வது? தேர்வு முடிந்த மறுநாள், கட்டிலுக்குப் பின்னால் கிடந்தது என்று எடுத்துவந்து கொடுத்தேன். நீ வாங்கி, ஒயரைப் பிரித்தாய். அதில் 36 கேஜ் கம்பி ஒரு விரற்கடை அளவு சிக்கியிருந்தது. அதை மெதுவாக உருவி, ஆள்காட்டி விரலில் மோதிரம் போலச் சுற்றிக்கொண்டு, "சரிப்பா" என்றாய். கம்பி எங்கே இருக்கும் என்று இந்த வீட்டில் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நீ அன்று கத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நீ கத்தியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். இப்போது கேட்கிறேன்.

அந்தத் தேர்வில் நீ வாங்கிய மதிப்பெண்ணை இன்றைக்கும் பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். அடாப்டர் விஷயத்தை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

புதியது வாங்குவதற்கு முன் பழையதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது. விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். இரண்டும் சரிசெய்யக்கூடியவை, என் கையாலேயே செய்துதருவேன். அடாப்டர் தளர்ந்திருந்தாலும் லேப்டாப் வேகம் குறையும். அதன் அடிப்பக்கத்தைத் திருப்பி, அவுட்புட் என்று இருக்கும் வரியைப் படம் எடுத்து அனுப்பு. 19.5 வோல்ட், 9.23 ஆம்பியர் என்று இருக்க வேண்டும். பெருக்கினால் 180 வாட். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததில் எனக்கு அது மனப்பாடம். இருந்தாலும் நீ அனுப்பு, எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை. எந்த நேரமானாலும் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா