எப்போ முடியும் என்று கேட்காதே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். நடையை மட்டும் நிறுத்தாதே. ஓய்வுபெற்றும் ஆய்வேடு திருத்துகிற வேலை என்னை விட்டபாடில்லை.

மகள் பிஎச்.டி.யில் ஆறாம் வருஷம் என்று புலம்பியிருக்கிறாய். முதலில், "எப்போ முடியும்?" என்று அவளிடம் கேட்காதே. அது அவளுக்கே தெரியாது.

விடை தெரியாத கேள்வியைத் தேடுவதால்தான் இழுக்கிறது என்பார்கள். பாதிதான் உண்மை. சோதனை சொதப்பும், தரவு கிடைக்காது, அதே முடிவை வேறொருவர் முந்திக்கொண்டு வெளியிட்டுவிடுவார். எல்லாம் சரி. ஆனால் கணித மேதை ஜான் நாஷ் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டே வருஷத்தில், 1950-ல், கொடுத்த ஆய்வேடு சுமார் முப்பது பக்கம்தான். அந்த வேலைக்குத்தான் 1994-ல் பொருளாதார நோபல். எல்லோரும் நாஷ் ஆக முடியுமா என்பாய். முடியாது. ஆனாலும் வருஷம் கூடினால் தரம் கூடும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மீதிப் பாதியை எங்கள் ஆட்கள் வெளியே பேசமாட்டார்கள். 'இவ்வளவு போதும்' என்ற அளவு எங்கும் எழுதப்படவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கைடு, அதாவது ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். நாலாம் வருஷத்தில் மாணவிக்குக் கருவியெல்லாம் அத்துப்படி. ஜூனியர்களுக்குச் சொல்லித்தருகிறாள், கட்டுரை எழுதுகிறாள், வாங்குவதோ சொற்ப உதவித்தொகை. அப்படிப்பட்ட ஆளை யார் சீக்கிரம் அனுப்புவார்கள்? "இன்னும் ஒரே ஒரு பேப்பர்" என்பார்கள். அது முடிந்ததும் இன்னொன்று.

பிரிட்டனில் 1980-களில் ஆய்வு உதவித்தொகை வழங்கும் பொருளாதார, சமூக ஆய்வு மன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. நான்கு வருஷத்துக்குள் ஆய்வேடு சமர்ப்பிப்பவர்கள் மிகக் குறைவாக இருந்த கல்வி நிறுவனங்களுக்கு ஆய்வு உதவித்தொகை இடங்களையே நிறுத்திவைத்தது. மாணவரை விரட்டாமல் நிறுவனத்தின் மடியில் கைவைத்ததும் சமர்ப்பிப்பு விகிதம் மளமளவென ஏறியது.

அதற்காக எல்லாவற்றையும் மூன்று வருஷத்தில் அடைக்கவும் கூடாது. எழுத்தில்லாத மொழியைக் கற்று ஆராய்பவர், பறவைகளைப் பருவம் பருவமாகக் கவனிப்பவர் என்ன செய்வார்? கடிகாரத்துக்குப் பயந்து எளிய கேள்வியாகப் பார்த்து எடுப்பார். அவர்களுக்கு நேரம் கொடு, கூடவே சம்பளமும் கொடு என்பேன்.

மீதி வேலை என்னென்ன என்று கைடிடம் எழுத்தில் வாங்கி, ஆய்வுக் குழுவில் மற்றவர்களுக்கும் நகல் அனுப்பச் சொல். முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்பட்டும், திருத்தித் தருகிறேன். என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. நீதான் படித்துக்காட்ட வேண்டும்.

அன்புடன்,
ராமு