லாக் புக்கில் சுருக்கொப்பம் இட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், வார்டில் எங்களுக்குப் பாடம் சொன்ன சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும்,

வணக்கம். செவிலியர் படிப்பை முடித்து, பதிவும் செய்துவிட்டு, இப்போது தனியாக ஷிஃப்ட் பார்க்கத் தொடங்கிவிட்டேன். என் சான்றிதழில் முதல்வரின் கையெழுத்து இருக்கிறது. இரவு டியூட்டியில் தன் வேலை தலைக்கு மேல் கிடக்கும்போதும் என் பக்கத்தில் வந்து நின்று, "சரி, நீ செய். நான் பார்க்கிறேன்" என்று சொன்ன சிஸ்டரின் கையெழுத்து அதில் இல்லை. பயிற்சியில் செய்து பழகியதைக் குறித்துவைக்கும் லாக் புக்கின் ஓரத்தில் சுருக்கொப்பமாக மட்டும் இருக்கிறது. அந்தச் சுருக்கொப்பங்களுக்கு உரியவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர்களை எழுதவில்லை, எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் வகுப்பறை ஆசிரியர்கள். மருந்தியல் வகுப்பில் கால்குலேட்டரைத் தொடவே விடமாட்டீர்கள். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும், டிரிப் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை? 42 என்று விடை வந்தாலும் உட்காரச் சொல்லமாட்டீர்கள். "15 விநாடிக்கு எத்தனை?" என்று அடுத்த கேள்வி வரும். 10 அல்லது 11. படுக்கையருகே ஒரு கண்ணை வாட்சிலும் ஒரு கண்ணைச் சொட்டிலும் வைத்து நிற்கும்போது கைகொடுப்பது அந்த 10தான், 11தான். அன்று அது எங்களுக்குப் புரியவில்லை. இன்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் புரிகிறது.

பயிற்சிக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த மேடத்துக்கும் நன்றி. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் 'மிசஸ் சேஸ்' என்ற ஆளுயரப் பொம்மை வந்ததிலிருந்து, எத்தனையோ தலைமுறைச் செவிலியர்கள் பொம்மைகளிடம்தான் முதலில் கைபழகியிருக்கிறார்கள். நீங்களோ அந்தப் பொம்மைக்குக்கூடத் திரையை இழுத்து மூடச் சொன்னீர்கள், செய்யப்போவதை அதனிடம் வாய்விட்டுச் சொல்ல வைத்தீர்கள். நாங்கள் சிரித்தோம். ஆனால் வார்டுக்குப் போன முதல் நாளே, யாரும் சொல்லாமல் என் கை தானாகத் திரையை நோக்கிப் போனது.

இனி வார்டு. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் மேடம், நான் முதன்முதலாகக் கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட்டது உங்களுக்கு நினைவிருக்காது. எத்தனை மாணவிகளைப் பார்த்திருப்பீர்கள்! எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. நோயாளியிடம் எதையும் மறைக்கவில்லை நீங்கள். "இவர் மாணவி. இவர்தான் போடப்போகிறார், நான் பக்கத்திலேயே இருப்பேன். வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், நானே போட்டுவிடுகிறேன்" என்றீர்கள். அவர் தலையசைத்த பிறகுதான் கையை இறுக்கிக் கட்டும் டூர்னிக்கேட் பட்டையை என்னிடம் கொடுத்தீர்கள். "கண்ணால் தேடாதே, விரலால் தேடு. அழுத்தினால் மீண்டும் எழும்புகிறதா பார்." "ஊசி முனையின் சரிவு மேலே இருக்கட்டும்." ரத்தம் எட்டிப் பார்த்ததும், "இப்போது கோணத்தைத் தாழ்த்து. இன்னும் துளி உள்ளே. சரி, இனி ஊசி அங்கேயே இருக்கட்டும், குழாயை மட்டும் நகர்த்து." அவ்வளவு நேரமும் உங்கள் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. குரலில் அவசரமே இல்லை. இடையிடையே நோயாளியிடமும் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் கைக்கு அது ஒரு நிமிட வேலை. அந்த நோயாளிக்கு ஏதாவது ஆகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அப்படியிருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி. அப்புறம் வராண்டாவுக்கு அழைத்துப்போய், யார் காதிலும் விழாத இடத்தில், "எந்த இடத்தில் உன் கை தயங்கியது?" என்று கேட்டீர்கள். நன்றாகச் செய்தாய் என்றோ சரியில்லை என்றோ சொல்லவில்லை. என்ன செய்தேன் என்பதை என் வாயாலேயே சொல்ல வைத்தீர்கள். எந்த மதிப்பெண்ணும் எனக்கு இவ்வளவு கற்றுக்கொடுத்ததில்லை.

அடுத்து, மருத்துவ வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். பாட்ரிசியா பென்னர் என்ற செவிலியர் அறிஞர், புதியவர் தொடங்கி வல்லுநர் வரை செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாக 1980களில் விளக்கினார். வல்லுநர் படியை எட்டியவர் ஒரே பார்வையில் நிலைமையைப் பிடித்துவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் திணறுவார் என்பது அவர் கண்டது. சிஸ்டர், நீங்கள் அந்தக் கடைசிப் படியில் இருந்தவர். ஆனால் பார்த்ததை எங்களுக்காகச் சொல்லாக மாற்றிச் சொல்லவும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஒரு நாள் வாசலில் நின்றபடியே, "மூன்றாம் படுக்கை சரியாகப் படவில்லை" என்றீர்கள். சார்ட்டில் ரத்த அழுத்தமும் காய்ச்சலும் நேற்று இருந்தது போலவே இருந்தன. என்னைப் பக்கத்தில் அழைத்துப்போய்க் காட்டினீர்கள்: அவர் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறார், கழுத்துத் தசை இழுக்கிறது. "இப்போது எண்ணு. மூச்சை எண்ணுகிறாய் என்று அவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பது போலவே மணிக்கட்டைப் பிடித்துக்கொள். முழுசாக ஒரு நிமிடம்." 28 வந்தது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. உடல்நிலை மோசமாகத் தொடங்கும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கைதான் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது அன்றைக்குத்தான் என் விரலுக்கு வந்தது.

அதோடு விடவில்லை நீங்கள். போன் ரிசீவரை எடுத்து என்னிடமே நீட்டினீர்கள். "டாக்டரிடம் நீயே சொல். முதலில் இப்போது என்ன மாற்றம், அப்புறம் எதற்காக அட்மிட் ஆனவர், பிறகு நீ பார்த்ததும் எண்ணியதும், கடைசியாக உனக்கு என்ன வேண்டும். 'ஒரு மாதிரி இருக்கிறார்' என்று மட்டும் சொல்லாதே." இந்த வரிசைக்குத்தான் எஸ்பார் (SBAR) என்று பெயர்; வகுப்பில் மனப்பாடம் செய்த அந்த நான்கு எழுத்தும் எதற்கு என்று அப்போது தெரிந்தது. டாக்டர் உடனே வந்தார். நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கேஸ் ஷீட்டில் எழுதும்போது, "மாணவி கவனித்துத் தெரிவித்தார்" என்று என்னையும் சேர்த்து எழுதினீர்கள். உண்மையில் கவனித்தவர் நீங்கள், சிஸ்டர். அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இரவு டியூட்டி பிரதருக்கு ஒரு நன்றி பாக்கி. நான் பார்த்த முதல் மரணம் உங்கள் ஷிஃப்டில்தான். உடலைச் சுத்தம் செய்யும்போது, "ஐயா, உங்களை இடப்பக்கம் திருப்புகிறோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் திருப்பினீர்கள். குழாய்களை எடுப்பது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, உறவினர் உள்ளே வருமுன் போர்வையைச் சீராக்குவது என்று எதையும் அவசரப்படுத்தாமல் செய்து காட்டினீர்கள். எல்லாம் முடிந்ததும் டியூட்டி ரூமில் உட்கார வைத்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டீர்கள். நான் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தீர்கள். எந்த லாக் புக்கிலும் இதற்குக் கட்டம் இல்லை. ஆனால் இது இல்லாமல் அடுத்த நாள் வார்டுக்கு வந்திருப்பேனா என்று தெரியவில்லை.

மாணவி என்று தெரிந்தும் கையை நீட்டிய நோயாளிகளுக்கும் நன்றி. நீங்கள் சம்மதிக்காவிட்டால் எங்கள் படிப்பே நடந்திருக்காது.

மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோதும், வார்டு வேலையை மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் வார்டு சிஸ்டர்கள்தான். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நான் பயின்ற வார்டுகளில், மாணவிகள் வந்தாலும் சிஸ்டர்களுக்கு நோயாளிகளின் எண்ணிக்கை குறையவில்லை. மருந்து நேரம் தள்ளிப்போகாமல் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, விட்டுப்போன சார்ட்டை ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாணவிகளைக் கூட வைத்துக்கொள்ளும் சிஸ்டருக்கு அன்றைக்கு இரண்டு நோயாளிகளையாவது குறைத்துக் கொடுங்கள். போஸ்டிங் தொடங்குமுன் இன்ஸ்ட்ரக்டரையும் வார்டு சிஸ்டரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, மாணவி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பேசவிடுங்கள். சொல்லிக்கொடுத்த நேரத்தையும் டியூட்டி நேரமாகவே கணக்கில் எழுதுங்கள்.

அடுத்த பேட்ச் மாணவிகளில் இருவரை என்னோடு போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடம், சிஸ்டர், பிரதர், சந்தேகம் வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவேன். போனை எடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி